எத்தனை முறை கேட்கலாம்?

2025-இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை வந்தது. தாமிரபரணிக் கரை ஊர்களில் அன்றைக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் உத்திரத்துக்கு வந்துவிடுவார்கள். மறுநாள் சனிக்கிழமை, ஊர் திரும்புகிற நாள். கருப்பட்டியும் வெற்றிலையும் வாழைத்தாரும் வாங்கிக் கட்டிக்கொண்டு வண்டி ஏறுகிற நாள். அன்று முற்பகலில் நாடு முழுவதும் யுபிஐ திணறத் தொடங்கியது. அது சரியாவதற்குப் பல மணி நேரம் ஆனது.

அப்படிப்பட்ட நேரத்தில் ஸ்ரீவைகுண்டம் கடைத்தெருவில் என்ன பேச்சு நடக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "அனுப்பிட்டேன் அண்ணாச்சி, பாருங்க." "சத்தம் வரலியே தம்பி." வாங்கியவரின் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கல்லாப்பெட்டி மேல் இருக்கும் சவுண்ட் பாக்ஸ் வாய் திறக்காது. பணம் போனதா, வங்கியிலேயே நிற்கிறதா, இருவருக்குமே தெரியாது. வாங்கியவர் செயலியை மூடித் திறப்பார். இருப்பு எவ்வளவு என்று பார்ப்பார். மறுபடியும் பார்ப்பார்.

இதே ஊர் இதைவிடப் பெரிய நிறுத்தத்தைக் கண்டிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறக்குறைய 800 பயணிகளோடு சிக்கி நின்றது. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் போயின. அப்போது எதுவும் வேலை செய்யாததற்குக் காரணம் கண்ணெதிரே தண்ணீராக நின்றது. 2025 ஏப்ரல் 12-இல் வெள்ளம் இல்லை, மின்சாரம் இருந்தது, சிக்னல் இருந்தது, வங்கிகளும் உயிரோடுதான் இருந்தன. ஆனாலும் பணம் நகரவில்லை. இந்த அத்தியாயம் அந்தக் காரணத்தைப் பற்றியது. ஒரு மென்பொருளின் பாதுகாப்பு என்றால் என்ன என்பதைப் பற்றி அந்த நாள் கற்றுக்கொடுப்பதுபோல வேறெதுவும் கற்றுக்கொடுக்காது என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு 200 ரூபாய் போகிற பாதையைப் பார்ப்போம். கடையின் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்ததும் உங்கள் செயலி, அது சார்ந்திருக்கும் வங்கி வழியாக, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய பணப்பரிமாற்றக் கழகத்தின், அதாவது என்பிசிஐயின், கணினியிடம் ஒரு கேள்வி கேட்கிறது: இந்த முகவரி யாருடையது? கடைக்காரரின் பெயர் திரையில் வருவது அந்தக் கேள்விக்கான பதில். பிறகு, இவருக்கு 200 ரூபாய் கொடு என்ற கோரிக்கை. என்பிசிஐ உங்கள் வங்கியிடம் பற்று வைக்கச் சொல்கிறது. அது முடிந்ததும் கடைக்காரரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது. இருவர் பதிலையும் வாங்கி உங்கள் செயலிக்கு முடிவு சொல்கிறது. சவுண்ட் பாக்ஸ் பேசுவது இதற்கெல்லாம் பின்னால், கடைக்காரருக்கு அட்டை கொடுத்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து தனியாக வரும் ஒரு செய்தியால்.

இந்தக் கேள்விகளும் பதில்களும் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும், யார் யாரிடம் எதைக் கேட்கலாம் என்று முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொண்டிருக்கும் ஏற்பாட்டைத்தான் ஏபிஐ என்கிறோம். மனிதர்கள் பார்க்கிற திரைக்குப் பின்னால், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடம் அது. நீங்கள் ஒருமுறை கட்டைவிரலை வைத்தால் பின்னால் பல ஏபிஐ அழைப்புகள் ஓடுகின்றன.

இதில் பூட்டு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் மரியாதை வரும். யுபிஐ செயலியை முதன்முறை திறக்கும்போது உங்கள் கைப்பேசியிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி போகிறது. இந்த எண்ணும் இந்தக் கருவியும் ஒருவருடையவைதான் என்று அதனால் உறுதியாகிறது. பின் எண்ணைத் தட்டும் கட்டம் செயலி நிறுவனத்துடையது அன்று, என்பிசிஐ கொடுத்த நிரல் பகுதி. எண் அங்கேயே மறையாக்கப்பட்டுவிடுவதால் கூகுள் பேயோ போன்பேயோ அதைப் படிக்க முடியாது. வங்கிகளுக்கும் என்பிசிஐக்கும் இடையே போகும் ஒவ்வொரு செய்தியிலும் மின்கையெழுத்து உண்டு. நடுவழியில் 200-ஐ 2,000 ஆக்கினால் கையெழுத்து பொருந்தாது. 2016 ஏப்ரலில் யுபிஐ வெள்ளோட்டம் விடப்பட்ட நாளிலிருந்து இந்தக் கட்டுமானத்தின் அடிப்படை இதுதான்.

அப்படியானால் ஏப்ரல் 12 அன்று யார் எந்தப் பூட்டை உடைத்தார்கள்? யாரும் உடைக்கவில்லை. என்பிசிஐ பிறகு ஆராய்ந்து கண்டது வேறு. நான் மேலே சொன்ன அழைப்புகளைத் தவிர இன்னொன்று உண்டு: அந்தப் பரிமாற்றம் என்ன ஆனது என்று கேட்கும் நிலை விசாரணை. பதில் வராமல் தொங்கும் பணத்தைப் பற்றி வங்கியின் கணினி கேட்பதற்காக வைத்தது. சில வங்கிகளின் கணினிகள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தன. பழைய பரிமாற்றங்களைப் பற்றியும் கேட்டன. அந்தக் கேள்விகளின் பெருக்கில் மூல வேலையான பணம் கொடுப்பதற்கு இடம் இல்லாமல் போனது. கேட்ட ஒவ்வொருவருக்கும் கேட்கும் உரிமை இருந்தது. ஒவ்வொரு கேள்வியிலும் சரியான கையெழுத்து இருந்தது.

ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களுக்கு இது புரியாத சங்கதி அன்று. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று வந்து, கடைசியாக ஸ்ரீவைகுண்டம். முன்னவை பழைய காலத்தவை. ஸ்ரீவைகுண்டம் அணை மட்டும் வெள்ளையர் ஆட்சியில், 1870-களின் தொடக்கத்தில் முடிந்தது. இங்கிருந்து வடகாலும் தென்காலும் பிரிகின்றன. வடகால் தூத்துக்குடியை ஒட்டிய கோரம்பள்ளம் குளம் வரை போகிறது. மேலே உள்ள ஏழு பேரும் எடுத்தது போக மிஞ்சியதுதான் இங்கே வந்து சேரும். அதற்கு மேல் 20 எம்ஜிடி திட்டம் என்று அந்தப் பகுதியில் எல்லோரும் சொல்லும் ஏற்பாடு: நாளொன்றுக்கு இரண்டு கோடி காலன், அதாவது ஏறக்குறைய 9 கோடி லிட்டர், விநாடிக்கு 37 கன அடி அளவுக்கு, தூத்துக்குடித் தொழிற்சாலைகளை மனத்தில் வைத்துப் போட்டது. கார், பிசானப் பருவப் பயிர்கள் தண்ணீர் இல்லாமல் நிற்கும்போது இது நியாயமா என்று விவசாயிகள் கேட்டார்கள். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஆற்றில் தண்ணீர் எடுத்தவர் எவரும் இரவில் மடையை உடைத்தவர் இல்லை. எல்லோரிடமும் ஏதோ ஒரு உத்தரவு இருந்தது. எவ்வளவு, எப்போது, யாருக்கு முன்னால் என்பதில்தான் சண்டை. அனுமதியைச் சரிபார்ப்பதோடு நின்றுவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. ஷட்டரில் அளவு பார்க்க ஆள் வேண்டும். யுபிஐயில் அந்த ஆள் 2025 வரை போதுமான அளவுக்கு இல்லை.

அளவு ஏன் அப்படிச் சட்டென்று கழுத்தைப் பிடிக்கிறது? இதற்குப் பதில் சொல்லும் கணிதம் நூறு ஆண்டு பழையது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் 1909-இல் தொலைபேசி அழைப்புகளின் நிகழ்தகவு பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு என்ற துறையே கிளைத்தது. அதன் மிக எளிய வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சர்வர் விநாடிக்கு 100 கேள்விகளுக்குப் பதில் சொல்ல வல்லது. கேள்விகள் ஒழுங்கில்லாமல், தோன்றியபோது வருகின்றன. விநாடிக்கு 50 வந்தால் ஒரு கேள்வி காத்திருந்து பதில் பெற்றுத் திரும்பச் சராசரியாக 20 மில்லிவிநாடி ஆகும். 90 வந்தால் 100 மில்லிவிநாடி. 99 வந்தால் ஒரு முழு விநாடி. 90-லிருந்து 99-க்குப் போவது பத்தில் ஒரு பங்கு கூடுதல் வேலைதான். காத்திருப்பு பத்து மடங்கு ஆகிவிட்டது. 100-ஐத் தொட்டால் வரிசைக்கு முடிவே இல்லை. எல்லையை நெருங்கும் வரை எந்த அறிகுறியும் பெரிதாகத் தெரியாது, நெருங்கியதும் எல்லாம் ஒரே நேரத்தில் இடியும். நெருக்கடிக்கு முந்தைய நாளில் எல்லாம் நன்றாகத்தானே இருந்தது என்று பொறியாளர்கள் சொல்வது பொய் இல்லை. அவர்கள் அந்த வளைவின் தட்டையான பகுதியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

இதோடு மனிதர்களின் பதற்றமும் கணினிகளின் பிடிவாதமும் சேர்கின்றன. 2025 மார்ச்சில் யுபிஐயில் ஏறக்குறைய 1,830 கோடிப் பரிமாற்றங்கள் நடந்தன. இரவு பகல் எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் விநாடிக்கு 6,800. இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஏதோ ஒரு வங்கி தாமதிக்க, ஒரு லட்சம் பேரின் பணம் தொங்கலில் நிற்கிறது. ஒவ்வொன்றைப் பற்றியும் வங்கிக் கணினிகள் ஐந்து விநாடிக்கு ஒருமுறை விசாரிக்கின்றன. விநாடிக்கு 20,000 விசாரணைகள். வழக்கமான பணப் பரிமாற்றத்தைப் போல மூன்று பங்கு! இந்தச் சுமையால் பதில் இன்னும் தாமதமாகும். தொங்கும் பணம் இரண்டு லட்சமாகும். விசாரணை 40,000 ஆகும். நோய்க்குக் கொடுத்த மருந்தே நோயை வளர்க்கிற இந்தச் சுழல், உலகில் பெரிய கணினி அமைப்புகள் பல விழுந்தபோதும் ஏதோ ஒரு உருவில் வந்திருக்கிறது.

என்பிசிஐ 2025 ஏப்ரல் 26 அன்றும் மே 21 அன்றும் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கைகளை இந்தக் கணக்கோடு வைத்துப் படிக்க வேண்டும். பணம் கொடுக்கும் கோரிக்கை தொடங்கி 90 விநாடி கழியும் முன் நிலை விசாரிக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கூடாது. சில குறிப்பிட்ட பிழை எண்கள் வந்தால் அதைத் தோல்வி என்றே எடுத்துக்கொண்டு கேட்பதை நிறுத்திவிட வேண்டும். பதிலுக்காகக் காத்திருக்கும் கால வரம்பு பணம் கொடுப்பதற்கு 30 விநாடியிலிருந்து 15 ஆகவும், நிலை விசாரணைக்கு 30-லிருந்து 10 ஆகவும் குறைக்கப்பட்டது. அந்த ஒரு லட்சம் தொங்கல்களுக்கு இப்போது கணக்குப் போடுங்கள். ஆளுக்கு மூன்று, மொத்தம் மூன்று லட்சம், இரண்டு மணி நேரத்தில் பரவினால் விநாடிக்கு 42. இருபதாயிரம் எங்கே, 42 எங்கே!

பரவினால் என்று சொன்னதில்தான் நுணுக்கம் இருக்கிறது. எல்லோரும் சரியாக 90-ஆவது விநாடியில் கேட்டால் ஒரு லட்சமும் ஒரே நொடியில் வந்து மோதும். ஆகவே காத்திருப்பு நேரத்தில் கொஞ்சம் சீட்டுக் குலுக்கல் வேண்டும்: ஒருவருக்கு 91, ஒருவருக்கு 104, ஒருவருக்கு 127. இந்த யோசனை 1970-களின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் வானொலி அலைவழியே கணினிகளை இணைத்த அலோஹா வலையமைப்பில் வந்தது. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால் இரண்டும் தற்போக்கான நேரம் காத்திருந்து மறுபடி பேச வேண்டும். சில ஆண்டுகளில் ஸெராக்ஸ் ஆய்வகத்தில் பிறந்த ஈதர்நெட் இதை இன்னும் கூர்மையாக்கியது: ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருப்பின் எல்லையை இரட்டிப்பாக்கு. இன்று ஏபிஐயை அழைக்கும் நல்ல நிரல் எதுவும் இந்தப் பழக்கத்தோடுதான் எழுதப்படுகிறது. எழுதப்படாதவை ஏப்ரல் 12-இல் தெரிந்தன.

*

உரிமை உள்ளவர்கள் அளவு மீறுவது ஒரு வகை. உரிமை உள்ளவரின் பெயரில் வேறொருவர் நுழைவது இன்னொரு வகை. அதையும் பூட்டு மட்டும் காட்டிக்கொடுக்காது.

2017-இல் பெங்களூரில் ஒரு இளம் பொறியாளர் ஆதார் விவரம் பார்க்கும் செயலி ஒன்றைப் பிளே ஸ்டோரில் போட்டார். ஆதார் எண் கொடுத்து, வரும் ஓடிபியைத் தட்டினால் விவரம் திரையில் வரும். அவருக்கு ஆதார் ஆணையம் எந்த அனுமதியும் தரவில்லை. அரசு மருத்துவமனைகளுக்காகத் தேசிய தகவலியல் மையம் நடத்திய இ-ஹாஸ்பிடல் அமைப்புக்கு அந்த அனுமதி இருந்தது. அதன் சர்வரோடு பேசும் வழி போதிய காப்பில்லாமல் இருந்ததால், இவர் செயலி அதன் வழியே கேள்விகளை அனுப்பியது. ஆதார் தரப்பிலிருந்து பார்த்தால் அனுமதி பெற்ற மருத்துவமனை அமைப்பு ஒன்று கேட்கிறது, அவ்வளவுதான். அந்த ஆண்டு ஆகஸ்டில் அவர் கைதானார். இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது, அடையாளச் சோதனை தன் வேலையைச் சரியாகவே செய்தது என்பது. மருத்துவமனைக் கேள்விகளுக்கு ஒரு இயல்பு உண்டு: புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் காலை நேரத்தில் கூடும், ஞாயிற்றுக்கிழமை குறையும். பொதுமக்கள் செயலி ஒன்று அதன் மேல் ஏறிக்கொண்டால் அந்த நாள்-கிழமை வடிவம் மாறியே தீரும். யாராவது வரைபடமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் மாற்றம் கண்ணில் பட வாய்ப்பு உண்டு.

இதன் உறவுக்காரத் தவறு ஒன்று, மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் ஏபிஐ அபாயப் பட்டியலில் 2019-இலும் 2023-இலும் முதலிடத்தில் இருக்கிறது. நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்து உங்கள் 1001-ஆம் எண் ரசீதைப் பார்க்கிறீர்கள். அழைப்பில் 1001-ஐ 1002 என்று மாற்றினால் அடுத்தவர் ரசீது வந்துவிடுகிறது. நீங்கள் யார் என்று சர்வர் கேட்டது. இந்த ரசீது உங்களுடையதா என்று கேட்க மறந்தது. சரியான மருந்து அந்த இரண்டாவது கேள்வியை ஒவ்வொரு அழைப்பிலும் கேட்பதுதான், அதற்கு மாற்று இல்லை. ஆனால் அது விட்டுப்போன நாளில், ஒரே பயனர் 1001, 1002, 1003 என்று பத்தாயிரம் வரை ஏறிப்போவதை எண்ணிக்கை பார்க்கும் ஒரு நிரல் முதல் சில நிமிடங்களிலேயே பிடித்துவிடும்.

சென்னையிலிருந்து ஊருக்கு வர தட்கலில் படுக்கை பிடிக்க முயன்றவர்களுக்கு மூன்றாவது வகையை விளக்க வேண்டியதில்லை. குளிர்வசதிப் பெட்டிகளுக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11. மணி அடித்ததும் தட்டுகிறோம், காத்திருப்போர் பட்டியல் வருகிறது. 2020 அக்டோபரில் திருப்பூரில் ஓர் இளைஞரை ரயில்வே பாதுகாப்புப் படை கைது செய்தது. சூப்பர் தட்கல் என்ற பெயரில் அவர் எழுதிய செயலிகள் படிவத்தை இயந்திர வேகத்தில் நிரப்பிக் கொடுத்தன. அவற்றைப் பயன்படுத்தியவர்கள் திருடர்கள் இல்லை, ஊருக்குப் போக வேண்டியவர்கள். ஆனால் கைவிரலால் தட்டுகிறவர் அந்த வேகத்தோடு போட்டியிட முடியாது. 2025 ஜூனில் ரயில்வே வெளியிட்ட தகவல்படி, தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் நுழைய முயல்பவற்றில் பாதி வரை தானியங்கி நிரல்கள். சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடிப் பயனர் கணக்குகளை முடக்கினார்கள். ஜூலை 1 முதல் இணையத் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு கட்டாயமானது.

மனிதரா இயந்திரமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பெயர், ஊர், பெட்டி வகை என்று ஒரு பக்கத்தை நிரப்ப மனிதருக்குச் சில விநாடிகளாவது ஆகும். அரை விநாடியில் நிரம்பினால் மனிதர் இல்லை. ஒரே இணைய முகவரியிலிருந்து நூறு கணக்குகள் நுழைந்தால் ஒரு கேள்வி எழும். எல்லாமே நேரமும் எண்ணிக்கையும்தான்.

*

எண்ணுவது எளிது என்று தோன்றும். உண்மையில் இதில் சறுக்கும் இடங்கள் நிறைய. நிமிடத்துக்கு 100 அழைப்பு என்று ஒரு வரம்பு வைத்து, ஒவ்வொரு நிமிடமும் பிறக்கும்போது கணக்கைப் பூஜ்ஜியமாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 மணி 59-ஆவது விநாடியில் 100, அடுத்த விநாடியில் இன்னொரு 100. விதி மீறப்படவில்லை, இரண்டு விநாடிக்குள் 200 வந்து விழுந்தன. இதனால்தான் பொறியாளர்கள் டோக்கன் முறையை விரும்புகிறார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும், அதிகபட்சம் 20 என்று வைத்துக்கொள்வோம், ஒரு டோக்கன் இருப்பு. அழைப்புக்கு ஒன்று கழியும். விநாடிக்கு ஒன்று சேரும். 20-க்கு மேல் சேராது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தவர் ஒரேயடியாக 20 கேட்கலாம், பிறகு விநாடிக்கு ஒன்றுதான். திடீர்த் தேவைக்கு இடம் கொடுக்கிறது, நீடித்த பெருக்கத்தைத் தடுக்கிறது. இருப்பு தீர்ந்தால் சர்வர் 429 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். 2012-இல் இணையத் தர விதிகளில் சேர்ந்த எண் அது. அதோடு, இத்தனை விநாடி கழித்து வா என்றும் சொல்லலாம். சொல்லவும் வேண்டும். காரணம் சொல்லாமல் மறுத்தால் எதிர்ப்பக்கத்து நிரல் மறுபடி மறுபடி தட்டும், பழைய சுழல் திரும்பி வரும்.

எல்லா அழைப்பும் ஒரே எடை இல்லை என்பது அடுத்த சிக்கல். ஒரு வாடிக்கையாளரின் பெயரைக் கேட்பதும், ஐந்தாண்டு ரசீதுகளைத் தொகுத்துத் தரச் சொல்வதும் எண்ணிக்கையில் ஒன்று, உழைப்பில் மலைக்கும் மடுவுக்கும். இதற்கு நம் ஆற்று வட்டாரத்திலேயே உதாரணம் இருக்கிறது. குற்றாலத்திலிருந்து இறங்கித் தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்றுப் பக்கம், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோவின் அலுவலகம் இருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கையாளப் பயன்படுத்தும் ஜோஹோ டெஸ்க் அங்கே உருவான மென்பொருள். அதன் ஏபிஐயை வெளி நிறுவனங்கள் தங்கள் மென்பொருளோடு இணைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அழைப்போடும் போவது நிரந்தரச் சாவி இல்லை. ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் அனுமதிச்சீட்டு, அதிலும் எதைப் படிக்கலாம், எதை மாற்றலாம் என்ற எல்லை குறித்திருக்கும். அளவுக்கு அவர்கள் வைத்திருப்பது கிரெடிட் கணக்கு: நாளுக்கு இத்தனை கிரெடிட், அழைப்பின் கனத்தைப் பொறுத்துச் செலவு. ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் ஓடலாம் என்பதற்குத் தனி வரம்பு. ஒரு வாடிக்கையாளரின் அவசரம் மற்றவர்களின் வேலையை நிறுத்திவிடாமல் இருக்க இந்த இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

சிறிய மென்பொருள் நிறுவனங்கள் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. வரம்பே இல்லாமல் பழகியவர்களுக்கு ஒரு நாள் வரம்பு வைத்தால் அவர்கள் எழுதிய நிரல்கள் உடையும், கோபம் வரும், பிறகு வரம்பைத் தளர்த்த வேண்டிவரும். முதல் நாளிலேயே, தாராளமாகவாவது, ஒரு எண் இருக்க வேண்டும். எந்த எண் என்று தெரியாவிட்டால் ஒரு மாதம் யாரையும் தடுக்காமல் வெறுமனே எண்ணிப் பார்க்கலாம். யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற உண்மை அதற்குள் தெரிந்துவிடும். அப்படிப் பார்க்கும்போது சராசரியை நம்பக் கூடாது. நூறு அழைப்புகளில் 98-க்கு 50 மில்லிவிநாடியும் இரண்டுக்குப் பத்து விநாடியும் ஆனால் சராசரி கால் விநாடி என்று வரும். கேட்க நன்றாக இருக்கிறது. அந்த இரண்டு பேர் கடை வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

பார்த்துக்கொண்டிருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. யார், எப்போது, எதைக் கேட்டார் என்று எழுதிவைக்கும் பதிவேடு, கேட்டவரின் வாழ்க்கைக் குறிப்பாகவே ஆகிவிடும். எந்த மருத்துவமனைக்கு எந்தக் கிழமை பணம் கொடுத்தார் என்பதை அது சொல்லும். இந்தியக் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும், பாதுகாப்புச் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்கிறது. இரண்டுக்கும் நடுவே நல்ல பொறியாளர் செய்வது: எண்ணிக்கைக்கு வேண்டியதை மட்டும் எழுது, கடவுச்சொல், பின், அனுமதிச்சீட்டு எதுவும் பதிவேட்டில் விழக் கூடாது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் திரும்பப் பிரித்தறிய முடியாத ஒரு குறியை வை, பதிவேட்டை யார் திறந்து பார்க்கிறார்கள் என்பதையும் பதிவு செய்.

மே மாதச் சுற்றறிக்கைக்குத் திரும்புகிறேன். அதிகம் அழைக்கப்படும் பத்து ஏபிஐகளின் பயன்பாட்டை ஜூலை 31-க்குள் வங்கிகளும் செயலிகளும் கண்காணித்துக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று அது சொன்னது. செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது பொதுமக்களுக்கான வரம்பு: ஒரு செயலியில் ஒருவர் நாளுக்கு 50 முறைதான் இருப்புப் பார்க்கலாம், இணைந்த கணக்குகளின் பட்டியலை 25 முறைதான் எடுக்கலாம். மாதத் தவணைபோலத் தானாக நடக்கும் கழிவுகளை நெரிசல் நேரத்தில், அதாவது காலை 10 முதல் 1 வரையும் மாலை 5 முதல் 9.30 வரையும், ஓட்டக் கூடாது. கணினிகள் தாமாக எழுப்பும் அழைப்புகள் வரிசைப்படுத்தப்பட்டு அளவோடு அனுப்பப்படுகின்றன என்று ஆகஸ்ட் 31-க்குள் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும்.

எனக்கு அதில் மிகப் பிடித்தது அதிகம் பேசப்படாத ஒரு வரி. ஒவ்வொரு பணப் பரிமாற்றமும் வெற்றியாக முடிந்ததும், மீதி இருப்பு எவ்வளவு என்பதையும் வங்கி கூடவே தெரிவிக்க வேண்டும். மனிதர்கள் ஏன் இருப்பைப் பார்க்கிறார்கள்? பணம் போனதா என்ற சந்தேகத்தால். கேட்கும் முன்பே பதில் வந்துவிட்டால் கேள்வியே எழாது. எழாத கேள்விக்கு வரம்பு தேவையில்லை. 50 என்ற சுவரை எழுப்பியவர்களே, அந்தச் சுவர் வரை யாரும் நடந்து வராமலிருக்கவும் வழி செய்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 1-இல் புதிய வரம்புகள் நடைமுறைக்கு வந்தன. அந்த மாதத்தில் யுபிஐ முதன்முறையாக 2,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. சராசரியாக விநாடிக்கு ஏறக்குறைய 7,500. அந்த 7,500-இல் ஒவ்வொன்றிலும் இருக்கும் மின்கையெழுத்தை யாராலும் போலியாக எழுத முடியாமல் வைத்திருக்கும் கணிதத்தை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.